மரகதம் எதற்காக நிற்க வேண்டும்?

மே 4, ஞாயிறு

நான் வேலை பார்க்கும் மஞ்சள் மண்டியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி நான்கு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் ஒத்திகைக் குறிப்புகளை இதில் எழுதப்போகிறேன். பின்னாளில் ஈரோட்டு நாடக வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் காலனி நவரச நாடக மன்றம் இந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்குப் போகிறது. ஜூன் 14, சனிக்கிழமை சாயங்காலம். நாடகத்தின் பெயர் 'போகாதே மரகதம்'. கதை, வசனம், கதாநாயகன் மூன்றும் நாச்சிமுத்து, அதாவது நான். பதினைந்து வருடமாக அப்படித்தான். மற்றவர்களுக்கும் வாய்ப்புக் கொடுக்கலாமே என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், திரை இழுக்க ஆள் வேண்டுமே.

கதை எளியது. கணவன் சபாபதி, மனைவி மரகதம். மரகதம் மனம் வெறுத்து, பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து, "நான் போகட்டுமா?" என்று கேட்கிறாள். சபாபதி, "போகாதே மரகதம், நீ போனால் இது வீடில்லை" என்கிறான். பையைக் கீழே வைக்கிறாள். திரை.

இந்த முறை இயக்குநர் என்று தனியாக ஒருவரைப் போட்டிருக்கிறோம். பி பிளாக் இளம்பரிதி, முப்பத்திரண்டு வயது, வெளியூரில் நாடகப் பள்ளியில் படித்தவன், தாடி உண்டு. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டோமோ என்று இப்போதே லேசாகச் சந்தேகம்.

என் மனைவி பூங்கோதைக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வரும்போல் இருக்கிறது. பட்டியல் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அந்த வாரம்தான் நாடகத்தையும் ஒரே மூச்சில் எழுதினேன். ராசியான வாரம்.

மே 7, புதன்

சமுதாயக் கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். அதனால் ஒத்திகை எங்கள் வீட்டு ஹாலில்.

"நாலாவது செவுருன்னு ஒண்ணு இருக்குதுங்ணா," என்று ஆரம்பித்தான் இளம்பரிதி. மேடைக்கு மூன்று பக்கம் அடைப்பு. நான்காவது பக்கம் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடிக்கிறவர்கள் அங்கேயும் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஹாலில் டி.வி. இருக்கிற பக்கத்தை நான்காம் சுவராக அறிவித்துவிட்டான். போட்டி முடியும்வரை, ஒத்திகை இல்லாத நேரத்திலும், அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. பழகினால்தான் மேடையில் வருமாம்.

இன்று கிரிக்கெட் வேறு. சத்தத்தைக் கூட்டி வைத்து, டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். கோதை வந்து எட்டிப்பார்த்துவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

மே 9, வெள்ளி

மூன்று நாளாக அந்தப் பையன் காலையிலேயே வந்து ஹால் மூலையில் உட்கார்ந்து, நானும் கோதையும் வீட்டுக்குள் எப்படி நடமாடுகிறோம் என்று குறித்துக்கொண்டிருந்தான். பிளாக்கிங்காம். யார், எப்போது, எங்கிருந்து எங்கே நடப்பது என்று முன்கூட்டியே வகுத்து வைப்பது.

"நெசமான ஊட்ல நெசமா எப்படி நடக்கறாங்களோ, அப்படியே மேடையிலயும் நடக்கோணுங்ணா," என்றான்.

இன்று தரையில் டேப் ஒட்டினான். சபாபதிக்குச் சிவப்பு, மரகதத்துக்குப் பச்சை. பச்சை டேப் சமையலறையில் கிளம்பி, துவைக்கிற கல், துணிக்கொடி, மோட்டார் சுவிட்ச், சாமி அலமாரி, அவளுடைய விடைத்தாள் மேசை என்று சுற்றி மறுபடி சமையலறைக்கே போகிறது. தரையே தெரியவில்லை. சிவப்பு வாசலிலிருந்து சோபா, சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசை, அங்கிருந்து கட்டில். அவ்வளவுதான்.

"ரொம்பச் சிக்கனமான நடமாட்டமுங்ணா உங்களுது," என்றான். பெருமையாக இருந்தது.

சாயங்காலம் தாகம். சமையலறைக்குச் சிவப்பு டேப் கிடையாது. இயக்குநர் வகுத்ததை நானே மீறினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்? கோதை பச்சையில் வரும்வரை காத்திருந்தேன்.

மே 12, திங்கள்

இன்றைய பாடம் சப்டெக்ஸ்ட். வாயில் வருகிற வார்த்தை ஒன்று, உள்ளுக்குள் ஓடுகிற பேச்சு வேறொன்று. நல்ல நடிகன் உள்ளே ஓடுவதைப் பிடித்துவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டில் பயிற்சி செய்து பார்த்தேன்.

"சாம்பார் போதுங்களா?" என்றாள் கோதை.

"எதுக்குக் கேக்கற?"

"போதுமான்னு கேட்டேன்."

"அதுக்குப் பின்னால என்ன ஓடுது?"

"ரசம்," என்று சொல்லிவிட்டு அதை எடுக்கப் போனாள்.

இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவளிடம் சப்டெக்ஸ்ட் கிடையவே கிடையாது. வெளிப்படையான பெண்.

மே 15, வியாழன்

ஒதுக்குமொழி. மேடையில் பத்துப் பேர் இருக்கும்போது ஒரு பாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் மனதில் இருப்பதைப் பார்வையாளர்களிடம் மட்டும் சொல்வது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அது கேட்காது என்பது நாடக மரபு.

காபி கொண்டு வந்த கோதை தட்டோடு நின்றுவிட்டாள். "கேக்கவே கேக்காதுங்களா தம்பி? இத்தன பக்கத்துல நின்னாக்கூடவா?"

"காதுல உழுந்தாலும் உழாத மாதிரியே இருக்கோணுங்க்கா."

"அப்படீன்னா அது இவருக்கு நல்லா வரும்," என்றாள். என் நடிப்பை அவள் பாராட்டுவது அபூர்வம்.

இரவு சாப்பாடு முடிந்ததும் ஃபிரிட்ஜ் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். "எந்த ஊரு குடுத்தாலும் போயிரலாம்னு இருக்குது. இருபத்தேழு வருசமா அடுத்தவங்க அடிச்ச மணிக்கு உள்ள போயி அடுத்தவங்க அடிச்ச மணிக்கு வெளிய வந்தாச்சு. ஒருக்காவாச்சும் நாஞ் சொல்றபடி ஒரு பள்ளிக்கோடம் நடக்கறதப் பாக்கோணும். அவுரு என்ன சொல்லுவாரோ தெரீல."

இது ஒதுக்குமொழி. மரபுப்படி எனக்குக் கேட்கவில்லை. பேப்பரைப் புரட்டினேன்.

மே 16, வெள்ளி

இன்றும் ஃபிரிட்ஜிடம் பேசினாள். எனக்குக் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 22, வியாழன்

கோதைக்குக் கலந்தாய்வு முடிந்தது. தாளவாடிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி. சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி தாண்டி, திம்பம் மலை முழுக்க வளைந்து வளைந்து ஏறி அதற்கும் அப்பால். தினமும் போய்வர முடியாது. அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டுச் சனி ஞாயிறு வரலாம். ஜூன் 16 திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமைவிடல் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் அந்த நாற்காலி கைநழுவின மாதிரிதான்.

இந்த முறை ஃபிரிட்ஜிடம் சொல்லவில்லை. சோபாவுக்கு எதிரே வந்து நின்று, "நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டாள்.

நான் ஓர் இடைவெளி விட்டேன். வசனத்துக்கு முன்னால் மௌனம் விட்டால் கனம் கூடும் என்று இளம்பரிதி சொல்லியிருக்கிறான். பிறகு, "நாடகம் முடியட்டும், பேசிக்கலாம்," என்றேன். மௌனம் நன்றாக விழுந்தது. அவன் இருந்து பார்த்திருக்கலாம்.

மே 25, ஞாயிறு

மரகதமாக நடித்துக்கொண்டிருந்த சி பிளாக் கஸ்தூரிக்கு முட்டிவலி, விலகிவிட்டாள். போனால் போகட்டும், வசனமே நிற்காது அவளுக்கு. அவள் தடுமாறும்போதெல்லாம் சமையலறையிலிருந்து கோதைதான் எடுத்துக் கொடுப்பாள், புத்தகம்கூடப் பார்க்காமல், வெங்காயம் அரிந்துகொண்டே.

இன்று இளம்பரிதி பச்சை டேப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய், "அக்கா, நீங்கதான் மரகதம்," என்றான். மறுப்பாள் என்று பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

மே 28, புதன்

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம்.

கடைசிக் காட்சி. கோதை பையோடு வாசலுக்கு வந்தாள். "நான் போகட்டுமா?" நான் என் முழுக் குரலில், "போகாதே மரகதம்!" என்றேன். அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கொரு சந்தேகம் தம்பி," என்று இளம்பரிதியைப் பார்த்தாள். "மரகதம் எதுக்கு நிக்கோணும்?"

"போகாதேன்னு சொல்றேனல்ல?" என்றேன்.

"அது சரிங்க. அவ துணிமணி எடுத்து வெக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்ச மனுசன், வாசப்படிக்கு வந்ததுக்கப்புறம் போகாதேங்கறாரு. அதுக்கு எதுக்கு நிக்கோணும்?"

பையன் துள்ளிக் குதித்தான். "மோட்டிவேஷன்! அருமையான கேள்விங்க்கா. ஒரு பாத்திரம் நடக்கறதுக்கும் காரணம் வேணும், நிக்கறதுக்கும் காரணம் வேணும். எழுதுனவருதான் சொல்லோணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "திரை உழுகோணுமல்ல?" என்றேன்.

அது போதாதாம்.

மே 30, வெள்ளி

மரகதம் நிற்பதற்குக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். சபாபதிக்கு நெஞ்சுவலி வருகிறது. "ஆஸ்பத்திரியில சேத்தி உட்டுட்டுப் போவா," என்றாள் கோதை. பெருமழை பிடித்துக்கொள்கிறது. "கொடை எதுக்கு இருக்குது?" மாமியார் படம் சுவரிலிருந்து விழுந்து உடைகிறது. "கூட்டித் தள்ளீட்டுப் போவா."

அப்போது இளம்பரிதி ஒரு சங்கதி சொன்னான். பழைய கிரேக்க நாடகங்களில், முடிச்சை அவிழ்க்கத் தெரியாத ஆசிரியர்கள் கடைசியில் ஒரு சாமியைக் கயிறு கட்டி மேலேயிருந்து இறக்கிவிடுவார்களாம். கேலியாகச் சொன்னானா என்று தெரியவில்லை. எனக்கு யோசனையாகப் பட்டது. முருகன் இறங்கி "நில் மரகதம்" என்றால் நிற்காமலா போய்விடுவாள்?

முருகனாக மெடிக்கல் ஷாப் தண்டபாணியைப் பிடித்தேன். நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவன், கூப்பிட்ட இடத்துக்கு வருவான். வெள்ளையடித்த சமுதாயக் கூடத்தில் பலகை கட்டி இறக்கிப் பார்த்தோம். பாதியில் கம்பி வளைந்துவிட்டது. ஏணி வரும்வரை தண்டபாணி ஒரு காலில் தொங்கிக்கொண்டு, "நில் மரகதம், நில் மரகதம்," என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.

கோதை அண்ணாந்து பார்த்தாள். "முருகனே சொன்னாலும், ஏன் சாமீன்னு கேட்டுட்டுத்தான் நிப்பா," என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் வரலாறு என்று வந்துவிட்டால் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாம் காட்சி. மரகதம் வந்து உட்கார்ந்து, "தலை வலிக்குதுங்க," என்கிறாள். சபாபதி, "மாத்திரை போட்டுக்க," என்கிறான். சின்ன வசனம்தான். நான் கம்பீரமாகவே சொன்னேன். இளம்பரிதி கையைத் தூக்கி நிறுத்தினான்.

"நடிக்கறீங்ணா."

"நாடகத்துல நடிக்காம?"

"புருசன் மாதிரியே தெரியலீங்ணா. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க வசனத்துக்குத் தயாராயிடறீங்க. கேக்கறதுதானுங்ணா நடிப்பு. பேசறதெல்லாம் அதுக்கப்புறம்."

முருகன் வேஷம் போய்விட்டதால் தண்டபாணி சும்மா முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவனை சோபாவில் உட்கார வைத்தான். கோதை மறுபடி, "தலை வலிக்குதுங்க," என்றாள். தண்டபாணிக்கு வசனம் மறந்துவிட்டது. முறுக்கைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "எப்பருந்துங்க்கா?" என்றான்.

இது புத்தகத்தில் இல்லை. மனைவியை அக்கா என்கிற கணவனை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கோதை, "காத்தாலயிருந்து," என்று பதில் சொன்னாள். அதுவும் புத்தகத்தில் இல்லை. இளம்பரிதி கண்ணைத் துடைத்துக்கொண்டான். கதார்சிஸ் என்றான். உள்ளே அடைத்துக் கிடக்கிறதெல்லாம் நாடகம் பார்த்துக் கரைந்துபோவதாம். ஒரு தலைவலிக்கு இத்தனை அமர்க்களம்.

முடிவு: சபாபதி தண்டபாணி. நான் பிராம்ப்டர், அதாவது மறைந்து நின்று வசனம் எடுத்துக்கொடுக்கிறவன். திரை இழுப்பதும் நானே. என் வீட்டில், என் சோபாவில், என் மனைவிக்குக் கணவனாக இருக்க நான் பொருத்தமில்லையாம். அந்த இடத்துக்கு மருந்துக்கடைப் பிரம்மச்சாரி.

ஜூன் 2, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கின யானைக்கு நிற்க இடமாவது இருக்கும். சிவப்பு டேப் சபாபதியுடையது. சபாபதி இப்போது தண்டபாணி. ஆக, என் வீட்டில் எனக்கென்று ஓர் அங்குல டேப்கூடக் கிடையாது. படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் விங்ஸாம், மேடையின் பக்கவாட்டு மறைப்பு. பிராம்ப்டரின் இடம்.

பிராம்ப்டர் புத்தகத்தை மட்டும் பார்க்கக் கூடாது என்கிறான் இளம்பரிதி. நடிகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வார்த்தை வரப்போகிறதா, நிற்கப்போகிறதா என்று முகம் முன்கூட்டியே சொல்லிவிடுமாம். சரி, வேலை என்று வந்துவிட்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கோதையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று கவனித்தேன். முக்கியமாக ஏதாவது சொல்வதற்கு முன் அவள் ஒருமுறை எச்சில் விழுங்குகிறாள். இதுவரை நான் பார்த்ததில்லை. சமீபத்தில் வந்த பழக்கமாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

நிஜமான வீட்டுச் சாமான்தான் மேடையில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சோபா, சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், டி.வி., சாமி அலமாரி உள்பட மினி லாரியில் ஏற்றிச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். இருமினால் வீடு திருப்பி இருமுகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மண்டியிலிருந்து வரும் வழியில் கூடத்துக்குப் போய் என் சோபாவைப் பார்த்துவிட்டு வந்தேன். தண்டபாணி அதில் என்னைவிட நன்றாக உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 12, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். "அம்மா திங்கக்கெழம சேர்றாங்களாப்பா?" என்றாள். நாடகம் சனிக்கிழமை என்று சொன்னேன். "நான் அதைக் கேக்கலப்பா," என்று வைத்துவிட்டாள்.

இரவு கோதை பாயில் என் எதிரே உட்கார்ந்தாள். எச்சில் விழுங்கினாள். நான் சுதாரித்துக்கொண்டேன்.

"சரின்னா சரின்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நாளைக்கே எழுதிக் குடுத்தர்றேன். எதாச்சும் ஒண்ணு உங்க வாயில வரோணும். முந்தியெல்லாம் ஃபிரிட்ஜுகிட்டயாவது சொல்லீட்டு இருந்தேன். அதும் லாரியில போயிருச்சு."

சொல்ல நிறைய இருந்தது. எனக்கு எடுத்துக்கொடுக்கத்தான் ஆளில்லை. "சனிக்கிழம முடியட்டும்," என்றேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. போட்டியைச் சொல்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

அரங்கம் நிரம்பிவிட்டது. நான் இடது விங்ஸில், ஒரு கையில் நாடகப் பிரதி, ஒரு கையில் டார்ச், காலடியில் திரைக்கயிறு. திரை விலகியதும் ஜனங்கள் எங்கள் வீட்டை உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கள் காலண்டர்கூட மேடையில் இருந்தது. தலைவலிக் காட்சியில் முன்வரிசையில் ஓர் அம்மாள் விசும்பியது எனக்கே கேட்டது. எரிச்சலாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

கடைசிக் காட்சி. கோதை பையோடு வாசற்படிக்கு வந்தாள். "நான் போகட்டுமா?"

தண்டபாணி பதில் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனிதன் கேட்பதில் கெட்டிக்காரன், அதுதான் வினை. கேட்டுவிட்டால் வசனம் மறந்துவிடுகிறது. என் வேலை வந்துவிட்டது. டார்ச்சைப் பிரதிமேல் அடித்தேன். 'போகாதே மரகதம்' என்று என் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

வழக்கம்போல முகத்தைப் பார்த்தேன். கோதை தண்டபாணியைப் பார்க்கவில்லை. விங்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னை. எச்சில் விழுங்கினாள்.

யாரிடம் எதை மறைப்பது? அந்த வரியை நான் எழுதியதே இவள் போய்விடுவாளே என்கிற பயத்தில்தான். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் சபாபதி வாயில் வைத்து, திரையும் போட்டு, போட்டிக்கும் அனுப்பிவிட்டேன். இவள் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்குப் பயம். ஆனால் மரகதம் நிற்பதற்கு அது ஒரு காரணமாகுமா? எனக்கு வந்த பயத்துக்கு அவள் எதற்காக நிற்க வேண்டும்?

"போயிட்டு வா," என்று கிசுகிசுத்தேன்.

தண்டபாணி காதைச் சாய்த்தான். "என்னுங்ணா?"

"போயிட்டு வா."

"காதுல உழலீங்ணா," என்றான், மைக் முன்னால், ஊருக்கே கேட்கும்படி.

வந்த கோபத்தில் விங்ஸை விட்டு வெளியே வந்துவிட்டேன். மேடை நடுவில் நின்றுகொண்டு, "போயிட்டு வா கோதை!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் எந்த வசனமும் அத்தனை மோசமாகச் சொன்னதில்லை. குரல் நடுவில் உடைந்துவிட்டது.

"போயிட்டு வர்றேனுங்க," என்றாள் அவள். பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகாமல், நேரே முன்பக்கம் வந்து, படியில் இறங்கி, ஜனங்களுக்கு நடுவில் நடந்து அரங்கத்தை விட்டே வெளியே போய்விட்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"நாலாவது செவுரு போச்சுங்ணா! போச்சு!" என்று இளம்பரிதி அந்தப் பக்க விங்ஸில் தலையில் கைவைத்துக்கொண்டு குதித்தான். திரை இழுக்க வேண்டிய நான் மேடையில் நிற்கிறேன். ஆகவே நாடகம் முடியவில்லை. தண்டபாணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டான். அதற்கு எழுந்த கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ஆழமான குறியீடு என்று ஒரு நடுவர் பிறகு விளக்கினாராம். இன்னொருவர் அந்தக் குரலை எந்த ஸ்பீக்கரில் அத்தனை நிஜமாக உடைய வைத்தீர்கள் என்று கேட்டாராம். சிறந்த நாடகப் பரிசு வேறு யாருக்கோ. எங்களுக்குச் சிறந்த ஒலி அமைப்புக்கான ஆறுதல் பரிசு.

நான் அதற்கெல்லாம் நிற்கவில்லை, ஓடினேன். எதிர்த்த டீக்கடையில் முகத்துப் பூச்சோடு டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று சொன்னாள்.

"நெசமாத்தான் சொன்னீங்களா, இல்ல வசனமா?"

"வசனமா இருந்தா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேன்," என்றேன்.

டீயை வைத்துவிட்டுச் சிரித்தாள். டீ சூடாகவே இருந்தது.

ஜூன் 16, திங்கள்

ஊர் திரும்பும் பஸ்ஸில் கிறுக்கலாக எழுதுகிறேன். பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விடலாம் என்றுதான் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறிப் பையை வைத்துவிட்டு இறங்குவதற்குள் வண்டி எடுத்துவிட்டான். சத்தி வரைக்கும் ஒரு சீட்டு வாங்கினேன். சத்தியில் டீ குடிக்கலாம் என்று இறங்கினோம். அங்கிருந்து வேறு வண்டி. கோயில் கோபுரத்தைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று பண்ணாரி வரைக்கும் வாங்கினேன். பண்ணாரி வந்ததும் கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"எறங்கறீங்களா?"

"திம்பம் ஒண்ணு குடுங்க."

"ஒரே அடியாத் தாளவாடிக்கே வாங்கிக்கலாமுங்க. எனக்கும் கை வலிக்குது."

கோதை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஒதுக்குச் சிரிப்பாக இருந்தாலும் எனக்கு நன்றாகவே கேட்டது. ஆசனூர் தாண்டி யானை ஒன்று ரோட்டோரம் நின்று வண்டியை நிறுத்திவிட்டது. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் என்னென்ன செய்யப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். காலை மணியை ஒரு பிள்ளைதான் அடிக்க வேண்டுமாம், தினமும் ஒரு பிள்ளை. ஏன் என்று கேட்டேன். சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதானாம். அதையும் சொன்னாள்.

பள்ளி வாசலில் ஆசிரியர்கள் காத்திருந்தார்கள். புதுத் தலைமை ஆசிரியர் வருகிறார் என்று சால்வை, செவ்வந்தி மாலை எல்லாம் தயார். நான் வெள்ளை வேட்டி சட்டையில் முன்னால் நடந்தேன், அவள் கைக்குடையைப் பிரித்துக்கொண்டு பின்னால் வந்தாள். மூத்த ஆசிரியர் ஒருவர் ஓடி வந்து, "வணக்கமுங்க சார், வாங்க வாங்க," என்று மாலையை என் கழுத்துக்குத் தூக்கினார். பழக்கதோஷம், நான் கழுத்தை நீட்டியும் விட்டேன். செவ்வந்தி வாசனை மூக்குக்கு வந்துவிட்டது.

"நான் இல்லீங்க. அவங்கதான்," என்றேன்.

அவளுடைய பையை வாங்கிக்கொண்டு ஓரமாக விலகி நின்றேன். மாலையைப் போட்டார்கள், சால்வையைப் போர்த்தினார்கள். மொத்தம் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம், கைதட்டல் காற்றில் கரைந்துவிடும் போலிருந்தது. அதனால் நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.